தாலிக்கு நீதி கேட்ட மண்ணில்

(வாசிகசாலை ஆண்டுக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையிலே வழக்கமாக மொழியுரிமை பற்றியும் காணியுரிமை பற்றியும் பேசுவார்கள். நீங்களும் கேட்டுக் கைதட்டுவீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்குக் கைதட்டல் கிடைக்குமோ என்பது ஐயமே. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாகக் கொண்டால் அதனைத் திருமணமென்று அரசு ஏற்கலாமா? சமயம் வேண்டாமென்று சொல்லுமிடத்தில் சட்டம் ஆம் என்று சொல்லலாமா? இவையே இன்றைய வினாக்கள். முகஞ்சுளிக்க விரும்புவோர் தாராளமாகச் சுளிக்கலாம். ஆனால் முழுவதையும் கேட்டபின் சுளியுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

இப்பொருளை விளக்க உங்களைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்துச் செல்லுகிறேன். ஏன் அந்நாடு? திருமணமும் சமயமும் சமவுரிமையும் ஒன்றோடொன்று மோதிய வரலாறு அங்கே நூறாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றின் முதல் ஏட்டிலே ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கேப் மாகாண உயர் நீதிமன்றத்திலே நீதியரசர் சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு முஸ்லிம் பெண்ணைக் கரையிறங்க விடலாமா என்பது வழக்கு. பலதார மணத்துக்கு இடங்கொடுக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணத்தைத் தென்னாபிரிக்கச் சட்டம் திருமணமாகக் கொள்ளாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு ஒருத்தியைப் பற்றியது. ஆனால் அதன் நிழல் ஆயிரமாயிரம் குடும்பங்கள்மேல் விழுந்தது. அம்மி மிதித்து அருந்ததி பார்த்துத் தாலிகட்டிய மனைவியர் ஒரே நாளிற் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதோராயினர். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் உரிமையும் ஐயத்துக்கு இடமாயிற்று.

அதுவரை ஆடவர் நடத்திய போராட்டத்திலே பெண்கள் இறங்கியது இதன்பின்னரே. மூன்று பவுண் தலைவரி, குடிவரவுத் தடை, திருமணம் மறுப்பு ஆகிய மூன்றையும் எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்திலே கஸ்தூரிபாய் அம்மையார் சிறை சென்றார். திரான்சுவாலிலிருந்து புறப்பட்ட பெண்களிற் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் நேட்டாலில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அப்போராட்டத்திற் சேர்ந்த ஒரு சிறுமி தில்லையாடி வள்ளியம்மை. மரிட்சுபேர்க் சிறையிலே கடுங்காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாட்களுக்குள், 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள். வயது பதினாறு. அவ்வாண்டின் நடுவிலே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது. இந்தியச் சமய முறைப்படி நடந்த ஒருதார மணங்களையும் ஏற்றது.

அன்பர்களே, வள்ளியம்மை எதற்காக மாண்டாள் என்று நாம் சிந்தித்ததுண்டா? அரசு தன் பதிவேட்டிலே எவருடைய திருமணத்தை எழுதும், எவருடையதை எழுதாது என்ற வினாவும் அவள் உயிரைக் கொடுத்த வினாக்களுள் ஒன்று. ஆள்வோரின் சமயம் ஏற்காத திருமணத்தையும் அரசு ஏற்க வேண்டும் என்பது அன்று நம்மவரின் கோரிக்கை.

இனி இரண்டாவது ஏடு. 1949ஆம் ஆண்டிலே நிறவெறி அரசு கலப்புமணத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதாரும் மணஞ்செய்தல் குற்றமாயிற்று. அவ்வரசு வேதநூலையும் கையிலேந்தியே அதனைச் செய்தது. இனங்களை ஆண்டவனே பிரித்து வைத்தான், மனிதன் கலக்கலாகாது என்று அந்நாட்டின் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த இறையியலார் பலர் போதித்தனர். அச்சட்டம் முப்பத்தாறு ஆண்டுகள் நின்று 1985இல் நீக்கப்பட்டது. அதற்கு அரணாக நின்ற சபையே பின்னர் நிறவெறியைப் பாவமென்று அறிக்கையிட்டது. ஒரு தலைமுறை தேவகட்டளை என்று சொன்னதை அடுத்த தலைமுறை பாவமென்று சொல்லிற்று. சமயம் பொய் என்பதற்கு இதனை நான் சான்றாகக் கூறவில்லை. சமயத்தின் பெயரால் ஆட்சியாளர் இயற்றும் சட்டத்தைச் சமயமே என்று மயங்கலாகாது என்பதற்கே கூறுகிறேன்.

மூன்றாவது ஏடு நம் காலத்தது. நிறவெறி வீழ்ந்தபின் 1993இல் எழுதப்பட்ட இடைக்கால அரசியலமைப்பும் 1996இல் எழுதப்பட்ட நிலையான அரசியலமைப்பும், பாகுபாடு காட்டலாகாத காரணங்களின் வரிசையிலே இனம், நிறம், பால், சமயம் முதலியவற்றோடு பாலீர்ப்பு என்பதையும் சேர்த்தன. உலகிலே ஓர் அரசியலமைப்பு இவ்வாறு வெளிப்படையாகச் சொன்னது அதுவே முதன்முறை. சிறையும் நாடுகடத்தலும் கண்டவர்கள் அதனை எழுதினார்கள். தமக்கு மட்டும் கதவைத் திறந்து பிறருக்குப் பூட்டினால், பெற்ற விடுதலை அரைகுறையாகிவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

எழுத்திலிருந்த உரிமை வாழ்வுக்கு வரப் பல வழக்குகள் வேண்டியிருந்தன. 1998இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த பழைய சட்டத்தைச் செல்லாதென்றது. 2002இல் நீதியரசர் கத்லீன் சாட்செல் என்னும் அம்மையாரின் வழக்கிலே, நீதியரசர்களின் மனைவியருக்கும் கணவருக்கும் உரிய ஓய்வூதியப் பயன்கள் அவருடைய பெண் துணைக்கும் உரியன என்று தீர்ந்தது. அதே ஆண்டில், இருவரும் சேர்ந்து பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமையும் ஏற்கப்பட்டது.

இங்கே வந்திருக்கும் கமக்காரருக்கு ஒரு வார்த்தை. இவை படித்தவர்களின் வெறும் வாதங்கள் என்று எண்ணாதீர்கள். இருவர் ஒரே வளவில் முப்பது ஆண்டு வாழ்ந்து, ஒரே கிணற்றில் நீரிறைத்து, ஒரே தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வைத்து உழைத்தார்கள் என்று கொள்ளுங்கள். காணி உறுதி ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் என்ன நிகழும்? முப்பது ஆண்டு எட்டிப் பாராத உறவினர் வந்து வேலியடைப்பர். மற்றவர் சட்டத்தின் முன் அந்நியர். நேற்று வந்த கூலியாளுக்கும் அவருக்கும் வேறுபாடில்லை. தென்னாபிரிக்காவிலே இத்தகைய வழக்கொன்று நடந்தது. இறந்தவருடைய வீட்டுக்கு அவருடைய பெற்றோரும், அவரோடு வாழ்ந்த துணைவரும் உரிமை கோரினர். 2006 நவம்பரிலே அரசியலமைப்பு நீதிமன்றம் துணைவருக்கே வழங்கிற்று. திருமணம் என்பது மாலையும் மேளமும் மட்டுமன்று. அஃது உறுதியும் உரிமையும், வைத்தியசாலைக் கட்டிலருகே நிற்கும் அனுமதியும், இறுதிக்கடன் செய்யும் தகுதியும் சேர்ந்த ஒரு கட்டு. அக்கட்டு முழுவதையும் ஒருவருக்கு மறுக்கும்போது அவரிடமிருந்து எவ்வளவு பறிக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மையமான வழக்குக்கு வருகிறேன். பத்தாண்டுக்கு மேலாக ஒன்றாக வாழ்ந்த இரு பெண்கள், தங்களை மணமக்களாக ஏற்கும்படி நீதிமன்றத்தை நாடினார்கள். முதலில் தோல்வி, பின்னர் மேன்முறையீட்டில் வெற்றி, ஈற்றில் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் அல்பி சாக்ஸ். நிறவெறி அரசின் ஏவலாளர் 1988இல் மப்புட்டோ நகரிலே அவருடைய காரில் வைத்த குண்டு, அவருடைய வலக்கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் பறித்திருந்தது. உரிமை மறுப்பு எத்தகையதென்பதை உடம்பில் அனுபவித்தவர் அவர்.

எதிர்த்தரப்பின் வாதங்களை அவர் எள்ளி நகையாடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். நாமும் அவ்வாறே செய்வோம்.

முதல் வாதம்: திருமணத்தின் நோக்கம் மக்கட்பேறு. நம் வீடுகளிலும் இதையே கேட்பீர்கள். அப்படியாயின் பிள்ளையில்லாத தம்பதியரின் திருமணம் திருமணம் அன்றா? அறுபது வயதில் மறுமணஞ் செய்வோரை விவாகப் பதிவுகாரர் திருப்பி அனுப்புகிறாரா? தத்தெடுத்து வளர்ப்போர் பெற்றோர் அல்லரா? மக்கட்பேறு திருமணத்தின் சிறப்பாகலாம். அதுவே தகுதியென்று எந்தச் சட்டமும் கேட்டதில்லை. இவருக்கு மட்டும் அதனைக் கேட்பது நியாயமன்று.

இரண்டாம் வாதம்: சமயத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். இது கனமான வாதம். நீதியரசர் சாக்ஸ் அவர்களும் அதனைக் கனமாகவே எடுத்தார். சமய நம்பிக்கை மக்களின் வாழ்வுக்கு வேரும் நீரும் போன்றது. அந்நம்பிக்கையோடு எதிர்ப்போரெல்லாம் வெறுப்பாளர் என்று முத்திரை குத்தலாகாது என்பது அவர் கருத்து. ஆயினும் சமயத்தை மதித்தல் வேறு; ஒரு சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டு மற்றவரின் அரசியலுரிமைக்கு உரை எழுதுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே அத்தீர்ப்பின் உயிர்நிலை. எந்தக் குருவானவரும், எந்தக் குருக்களும், எந்த மௌலவியும் தம் சமயத்துக்கு மாறான திருமணத்தை நடத்திவைக்க வேண்டியதில்லை. இப்பாதுகாப்பு 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலேயே இருந்தது. கோயிலின் வாயிலைக் கோயில் காக்கட்டும். கச்சேரியின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். இதுவே அதன் சாரம்.

மூன்றாம் வாதம்: வேறொரு பெயரில், வேறொரு பதிவில், இவர்களுக்கு ஏதேனும் கொடுத்துவிடலாமே? பிரித்து வைத்துச் சமமாகக் கொடுப்போம் என்ற பேச்சை அந்நாட்டு மக்கள் நன்கு அறிவார்கள். தனிப் புகையிரதப் பெட்டி, தனிக் கடற்கரை, தனிப் பாடசாலை எல்லாம் அப்பேச்சின் பிள்ளைகளே. பிரித்து வைப்பதன் நோக்கமே தாழ்த்துதல் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தார்கள். நாமும் அறியோமா? தேநீர்க்கடையில் தனிக் கோப்பை வைத்தவர்கள், தேநீர் ஒன்றுதானே என்று சொல்லவில்லையா?

நீதிமன்றம் பாராளுமன்றத்துக்கு ஓராண்டு தவணை கொடுத்தது. நீதியரசர் கேட் ஓறீகன் அம்மையார் மட்டும், தவணை எதற்கு, உரிமையென்று கண்டபின் உடனே கொடுக்க வேண்டாமா என்று மாறுபட்டார். பொதுமக்கள் கருத்தைக் கேட்ட கூட்டங்களிலே கடும் எதிர்ப்பு எழுந்தது. முதலில் வரையப்பட்ட மசோதா திருமணம் என்ற சொல்லையே தவிர்த்தது. பின்னர் அது திருத்தப்பட்டு, திருமணம் என்றோ குடியியற் கூட்டு என்றோ மணமக்களே பெயரைத் தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று. 2006 நவம்பர் 14ஆம் நாள் 230 வாக்குகள் ஆதரவாகவும் 41 எதிராகவும் விழுந்தன. நவம்பர் 30ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆபிரிக்காவில் முதல் நாடு. உலகில் ஐந்தாவது நாடு.

எல்லாம் செம்மையாக முடிந்தது என்று சொல்லேன். அரசாங்கப் பதிவாளரும் மனச்சாட்சியைக் காட்டி மறுக்கலாம் என்றொரு பிரிவை அச்சட்டத்திலே நுழைத்தனர். அதனாற் பல கந்தோர்களில் இத்தம்பதியருக்குப் பதிவு செய்ய ஆளில்லாத நிலை ஏற்பட்டது. குருவானவரின் மனச்சாட்சி வேறு; எல்லாருடைய வரிப்பணத்திலும் சம்பளம் பெறும் உத்தியோகத்தரின் கடமை வேறு. 2020ஆம் ஆண்டிலேதான் அப்பிரிவு நீக்கப்பட்டது. சட்டம் மாறியதால் மனம் மாறிவிடவும் இல்லை. தேசிய பெண்கள் உதைபந்தாட்ட அணியில் ஆடியவரும், தம் இயல்பை மறையாமல் வாழ்ந்தவருமான யூடி சிமலானே, 2008இல் தம் ஊருக்கு அருகிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டார். சட்டம் நிலத்தை உழுது கொடுக்கும். விதைப்பதும் களையெடுப்பதும் சமூகத்தின் வேலை.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். இத்தீர்ப்பு வந்ததனாற் சமயங்கள் நலிவுற்றனவா? 2007இலே அதே நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. டர்பனிலே ஒரு பெண்கள் பாடசாலை, தமிழ் இந்து மாணவி ஒருத்தியை மூக்குத்தியைக் கழற்றச் சொல்லிற்று. மூக்குத்தி அவளுடைய சமயத்தோடும் பண்பாட்டோடும் சேர்ந்தது, தடுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் தீர்த்தது. 2022இலே, முஸ்லிம் முறைப்படி நடந்த திருமணங்களை ஏற்காமை அரசியலமைப்புக்கு மாறானது என்றும் தீர்த்தது. 1913இல் நீதியரசர் சேர்ல் மூடிய கதவு 109 ஆண்டுகளின் பின் முற்றாகத் திறந்தது. மூக்குத்தியைக் காத்த கொள்கை எதுவோ, முஸ்லிம் மனைவியைக் காத்த கொள்கை எதுவோ, அதே கொள்கைதான் அவ்விரு பெண்களையும் காத்தது. சமத்துவம் என்பது ஒரே கூரை. ஒருவர் தலைக்கு மேலே ஓட்டைப் பிரித்தால் மழை எல்லாருக்கும் ஒழுகும்.

பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அவர்களை நீங்கள் அறிவீர்கள். இம்மக்களை வெறுக்கும் சொர்க்கம் ஒன்று இருக்குமானால் அங்கே செல்ல மாட்டேன் என்று 2013இல் அவர் பகிரங்கமாகச் சொன்னார். சமயத்தை விட்டவரின் சொல்லன்று அது. சமயத்தின் உச்சியில் நின்றவரின் சொல். அவருடைய திருச்சபையிலேயே அவரோடு உடன்படாதவர் பலர். அவ்விவாதம் சபைக்குள்ளே நடக்கிறது, நடக்கட்டும். அதற்கு இடையிலே அரசு பொல்லுடன் புகவேண்டிய தேவையில்லை.

இனி, நம் நாடு. இங்கே திருமணம் வரை செல்ல வேண்டியதே இல்லை. குற்றம் என்ற படியே இன்னும் தாண்டப்படவில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையிலே 365, 365அ என்னும் பிரிவுகள் இருக்கின்றன. 1995இலே பாராளுமன்றம் அக்கோவையைத் திருத்தியபோது, ஆடவரை மட்டும் குறித்த பிரிவைப் பெண்களையும் உள்ளடக்கும்படி அகலமாக்கிற்று. சமத்துவம் என்றால் தண்டனையைப் பகிர்ந்தளித்தல் என்று விளங்கிக்கொண்டார்கள் போலும்! 2023இலே இப்பிரிவுகளைத் திருத்த ஒரு தனியங்கத்தவர் மசோதா வந்தது. அஃது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் சட்டமாகாமலே 2024இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இவையெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்பார் சிலர். தண்டனைக் கோவையை இங்கே இறக்கியவன் யார்? வெள்ளைக்கார ஆட்சியாளன் அல்லவா? 1860இல் இந்தியாவுக்கு எழுதியதைத் தழுவி 1883இல் நமக்கும் எழுதினான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் தன் நாட்டிலே அக்குற்றத்தை நீக்கிற்று. திருமணவுரிமையை 2023 ஒக்டோபர் 17ஆம் நாள் அது வழங்க மறுத்து, சட்டமியற்றும் மன்றத்துக்கே விட்டுவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் தாய்லாந்து 2025 ஜனவரியில் அத்திருமணத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. ஆகவே கீழ்த்திசை முழுவதும் ஒரே குரலிற் பேசுகிறது என்பது மெய்யன்று.

இறுதியாக, தமிழ் மக்களாகிய நமக்கென்று ஒரு சொல். பெரும்பான்மையோர் விரும்பவில்லை, ஆகவே உரிமையில்லை என்ற வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? 1948இலும் 1949இலும் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமையும் வாக்குரிமையும் போனபோது கேட்டோம். 1956இலே நம் மொழி தள்ளப்பட்டபோது கேட்டோம். உரிமையைத் தலைகளை எண்ணி அளக்கலாகாது என்று 1961இலே கச்சேரி வாசலிற் குந்தியிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் நாம். நாட்டின் பெரும்பான்மையோருடைய சமயத்துக்கு அரசியலமைப்பிலேயே முதன்மைத் தானம் கொடுக்கப்பட்டிருக்கும் இந்நாட்டில், சமயக் கோட்பாடே சட்டமாகலாம் என்று நாம் ஒத்துக்கொண்டால், முதலிலே நசுங்கப்போவது யாருடைய கோயில்? இதனைச் சிந்தியாமல், ஒருவரை வெறுக்கும் ஆத்திரத்திலே நம் கையாலேயே நமக்கு விலங்கு பூட்டலாகாது.

வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. 1957இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும், 1968இலே மாவிட்டபுரம் கோயில் வாசலில் நம்மவரே நம்மவரை மறித்து நின்றனர். ஆகமம், சம்பிரதாயம், முன்னோர் வழக்கு என்று அன்று சொல்லப்பட்ட காரணங்களையெல்லாம் இன்று வேறு மக்களுக்கு எதிராகக் கேட்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் மறித்து நின்ற கைகள் ஒரே மாதிரியானவை.

உங்கள் நம்பிக்கையை விடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. உங்கள் வீட்டுத் திருமணத்தை உங்கள் குலமுறைப்படியே செய்யுங்கள். உங்கள் குருக்கள் எவருக்குத் தாலி எடுத்துக் கொடுப்பார் என்பது அவருடைய விடயம். நான் கேட்பது சிறியது. அயல்வீட்டுப் பிள்ளை வேறு இயல்போடு பிறந்ததற்காக அதனைக் குற்றவாளியென்று எழுதிவைத்திருக்கும் சட்டத்துக்கு உங்கள் பெயரால் ஆதரவு கொடாதீர்கள். அத்தகைய பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருக்கலாம். இன்றிரவு வீடு திரும்பியதும் அப்பிள்ளையின் முன்னிலையில் எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை வழியிலே யோசித்துக்கொண்டு செல்லுங்கள்.

தன் தாயின் தாலியை அரசு ஏற்கவேண்டுமென்று பதினாறு வயதில் உயிர்விட்டாள் ஒரு தமிழ்ச் சிறுமி. அவள் பெயரைச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமானால், எவருடைய திருமணத்தையும் அரசு இழிவுபடுத்தக் கூடாது என்று சொல்லும் கடமையும் நமக்கு உண்டு.